ஆறு லிட்டர் கேஸ் கீசர்: குமரிக் காற்றுக்கும் கிணற்று நீருக்கும் தாங்குமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கே போனாலும் வீட்டு உபயோகக் கடைகளில் கிடைக்கிற சாதாரண ரகம் இது. நிமிடத்துக்கு ஆறு லிட்டர், எல்.பி.ஜி.யில் எரிவது, டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி இரண்டில் தீப்பொறி, குழாயைத் திறந்தால் தானே பற்றி மூடினால் தானே அணைவது. கம்பெனி எதுவானாலும் மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்புதான். ஆகவே ஒரு பிராண்டை எடுத்துக்கொள்ளாமல் இந்த ரகத்தையே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெளிச்சுவரில் மாட்ட இடம் இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிற மெக்கானிக்கும் கிடைத்தால், இது நல்ல சாதனம். குளியலறைக்குள்தான் மாட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால் வாங்கவே வேண்டாம்; மின்சார கீசருக்கோ சூரிய ஒளி ஹீட்டருக்கோ போய்விடுங்கள்.

எவ்வளவு கேஸ் தின்னும்?

நம் ஊரில் குழாய்த் தண்ணீர் மார்கழியில்கூடப் பெரிதாகக் குளிர்வதில்லை. 28 டிகிரியில் வரும் தண்ணீரைக் குளிக்கும் சூடான 40 டிகிரிக்குக் கொண்டுபோக 12 டிகிரி ஏற்றினால் போதும். இருபது லிட்டர் வாளி ஒன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோஜூல். கீசரின் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வாளிக்கு 26 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஐந்நூறு வாளிக்கு மேல் தாங்கும். அதே வாளிக்கு மின்சாரத்தில் 0.28 யூனிட் ஆகும்; டேங்க் உள்ள மின்சார கீசரில் தேங்கி ஆறும் சூட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கட்டணத்தைப் போட்டுப் பார்த்தால் பெரிய லாபமோ நஷ்டமோ இருக்காது. கரன்ட் போனாலும் வெந்நீர் வரும் என்பதும், இரண்டாவது ஆள் குளிக்கக் காத்திருக்க வேண்டாம் என்பதும்தான் உண்மையான வசதிகள்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்த ரகம் முழுச் சுடரில் தண்ணீருக்கு ஏற்றும் வெப்பம் சுமார் 10.5 கிலோவாட். ஆறு லிட்டர் ஓட்டத்தில் 25 டிகிரி ஏறும், அதாவது நம் தண்ணீர் 53 டிகிரிக்குப் போய்விடும். ஓட்டம் மூன்று லிட்டராகக் குறைந்தால் 50 டிகிரி ஏறி 78-ஐத் தொடும். கை வெந்துவிடும், செம்புக் குழாய்க்குள் உப்பும் வேகமாகப் படியும். எனவே குமரி மாவட்டத்தில் கேஸ் குமிழை எப்போதும் குறைந்த பக்கமே வைக்கலாம். சுடர் வரிசைகளில் பாதியை மட்டும் எரியவிடும் ‘கோடை’ சுவிட்ச் இருந்தால் ஆண்டு முழுவதும் கோடையிலேயே இருக்கட்டும். குழந்தைகளும் வயதானவர்களும் குளிக்கும் வீடென்றால் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு, பிறகு வெந்நீரைக் கலப்பதே முறை.

ஓட்டம் ஏன் குறைகிறது? பெரும்பாலும் டேங்க் உயரம்தான் காரணம். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம். ஒற்றைத் தள வீட்டில் மொட்டைமாடித் தரையிலேயே டேங்கை உட்கார வைத்தால், கீசருக்கும் டேங்க் அடிக்கும் இடையே இரண்டு மீட்டர்கூடத் தேறாது. தண்ணீர் அழுத்தத்தால் நகர்ந்து கேஸைத் திறந்துவிடும் ரப்பர் சவ்வுக்கு டயாஃப்ரம் என்று பெயர்; 0.2 பார் அழுத்தத்தில் அது தள்ளத் தள்ளாடும். சில நாள் பற்றும், சில நாள் பற்றாது. டேங்குக்கு அடியில் ஒன்றரை மீட்டர் தூண் எழுப்புவது, கீசர் வரை அரை அங்குலத்துக்குப் பதில் முக்கால் அங்குலக் குழாய் இழுப்பது, இந்த இரண்டுமே புது கீசர் வாங்குவதைவிட நல்ல மருந்து. மாடியில் குளியலறை உள்ள வீடுகள் இதை அளந்து பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

எங்கே மாட்டுவது, புகை எங்கே போகும்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சாதனத்தால் போகும் உயிர்கள் பெரும்பாலும் இங்கேதான் போகின்றன.

முழுச் சுடரில் மணிக்கு ஒரு கிலோவை நெருங்கும் கேஸ் எரிகிறது. அது முழுமையாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே ஏழு கன மீட்டருக்குள்தான். கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் ஐந்து நிமிடத்துக்குள் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து இரண்டு மூன்று புள்ளி இறங்கிவிடும். அதன்பின் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. எல்.பி.ஜி.க்கு நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவளுதல் என்று வரும்போது தாழ்ப்பாளை எட்டும் தெம்பும் போயிருக்கும்.

‘எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோமே’ என்பார்கள். கீசர் இருக்கும் அறையில் ஃபேன் காற்றை வெளியே இழுத்தால், மாற்றுக் காற்று புகைக்குழாய் வழியாகவே உள்ளே வரப் பார்க்கும். புகை திரும்பி அறைக்குள் கவிழும். சமையலறைச் சிம்னியும் இதே வேலையைச் செய்யும். ஆகவே கீசர் வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, மழைச் சாரல் நேராக அடிக்காத பக்கம் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும். குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டிவிட்டால் வெளியே வைத்த பயன் போய்விடும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

நம் மாவட்டத்தின் காற்று வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து பாயும் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் மேற்குச் சுவரில் கீசரை மாட்டினால் சுடர் அணைந்து அணைந்து எரியும். புகைக்குழாய் இருந்தால் காற்று அதற்குள் இறங்கிப் புகையைக் கீழே தள்ளும். கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். வழியில்லை என்றால் பக்கங்களில் தடுப்புத் தகடு வைத்து, மேலும் கீழும் முழுக்கத் திறந்து விடுங்கள். காற்றுக்குப் பயந்து பெட்டி போல அடைத்துவிடுகிற வீடுகளைப் பார்க்க முடிகிறது; அது குளியலறைக்குள் மாட்டியதற்குச் சமம்.

சர்வீஸ் பால்கனி போல மூன்று பக்கம் அடைப்புள்ள இடமானால் புகைக்குழாய் கட்டாயம். கீசரின் தலையிலிருந்து முதலில் ஓரடியாவது நேர் மேலே எழும்பி, பிறகே வளைவு. கிடையாகப் போகும் பகுதி வெளிமுனையை நோக்கி மேலேறிப் போக வேண்டும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். முனையில் காற்றுத் தொப்பி. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் போன்ற கடலோரங்களில் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு துருவேறிப் பொத்தலாகிவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று மழைக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பது அவசியம். ஒரு கூடு போதும், குழாய் அடைபட.

புகை சரியாக மேலே போகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கீசரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, புகைக்குழாய் தொடங்கும் இடத்தின் ஓரமாக ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால் அந்த கீசரை அணைத்துவிட வேண்டும். வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் சிம்னியையும் ஓடவிட்டும் இதைச் செய்து பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் போகிற மெக்கானிக் சர்வீஸ் செய்ததாகக் கணக்கில்லை.

மூடியைத் திறந்தால்

நம் ஊரில் ‘கீசர் சர்வீஸ்’ என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது, புளோயரால் தூசியை ஊதி, பேட்டரியை மாற்றிவிட்டுப் போவது. சரியான சர்வீஸுக்கு ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். வரிசை இதுதான்: ரெகுலேட்டரை மூடு, தண்ணீர் வால்வை மூடு, வெந்நீர்க் குழாயைத் திறந்து உள் அழுத்தத்தை இறக்கு, பேட்டரியை எடு. அதன் பிறகே ஸ்க்ரூ டிரைவர்.

தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையை முதலில் கழற்றிக் கழுவ வேண்டும். டேங்க் அடியில் தங்கிய மண்ணும் பாசியும் இங்கேதான் பிடிபடும். அடுத்தது தண்ணீர் வால்வு. திருகுகளைக் கழற்றினால் ரப்பர் டயாஃப்ரம் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தாலோ, ரப்பர் விறைத்திருந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். அதை ஒட்டிய தண்டு விரலால் தள்ளினால் தடையின்றிப் போய், விட்டதும் திரும்ப வேண்டும். தண்டு சிக்கினால் குழாயை மூடிய பிறகும் சுடர் அணையாது. உள்ளே தேங்கிய தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குழாயைப் பிளக்கும். இதில் தேங்காய் எண்ணெயோ வண்டிக் கிரீஸோ தடவக் கூடாது. எண்ணெய் பிசுக்காகி இறுகும், கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். சிலிகான் கிரீஸ் சிறிதளவு போதும்.

பர்னர் பகுதியில் அதிகக் கவனம் தேவை. நாசில் துளைகளில் சிலந்தி வலை, உப்புக் காற்றால் வந்த பச்சைப் படிவு, தூசி எல்லாம் இருக்கும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து ஊதுங்கள். சேஃப்டி பின்னையோ ஊசியையோ விட்டுக் குத்தவே கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வந்து, காற்று போதாமல் சுடர் மஞ்சளாகி, மேலே செம்புத் தகடுகளில் கரி படியும். கரி படிந்தால் புகை போக வழி குறையும். வழி குறைந்தால் சுடர் இன்னும் மஞ்சளாகும். மஞ்சள் சுடர் எரியும் கீசரை யாரும் அழகாக எரிகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நீலமாக, தனித்தனி நாக்குகளாக, அலையாமல் நிற்பதே ஆரோக்கியமான சுடர்.

சுடரின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் செம்பு ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றித் தகடுகளின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கும். உள்ளே உப்புப் படிந்திருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, உள்ளே நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து, கொட்டிவிட்டு மறுபடி ஒருமுறை. பிறகு நல்ல தண்ணீரால் அலசி, ஒரு ஸ்பூன் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் முடிக்கலாம். கழிவறை ஆசிட் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது உப்பை வேகமாகக் கரைக்கும். செம்பையும் பித்தளையையும் சேர்த்து அரிக்கும். நாகர்கோவில் நகரத்தில் முக்கடல் அணைத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்த வேலை அடிக்கடி வராது. கடலோரத்து உப்புக் கிணறும் போர்வெல்லும் உள்ள வீடுகளில் ஆண்டுதோறும் வேண்டியிருக்கும். செம்புத் தகட்டில் ஓரிடத்தில் மட்டும் பச்சைக் கறை இருந்தால் அங்கே ஊசித்துளைக் கசிவு என்று பொருள். துளையைப் பற்றாசு வைத்து அடைத்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது.

தீப்பொறி முள்ளுக்கும் பர்னருக்கும் இடையே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். சுடரை உணரும் கம்பியை மிக நைசான எமரித் தாளால் துடைத்தால் போதும். பேட்டரிப் பெட்டியின் தகடுகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆல்கலைன் பேட்டரி போடுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு மூன்று சோதனைகள். ஒன்று, குழாயை மூடியதும் ஓரிரு நொடியில் சுடர் அணைகிறதா? இரண்டு, எரியும்போது பேட்டரியை உருவினால் அணைகிறதா? அணையாவிட்டால், மின்சாரத்தால் கேஸைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு பழுது. அதைப் பிரித்துச் சரிசெய்யப் பார்க்காமல் முழுசாக மாற்ற வேண்டும். மூன்று, கேஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒழிய வேண்டும்.

தொல்லையைப் பார்த்துக் காரணத்தை அறிவது

டிக் டிக் என்று பொறி வருகிறது, பற்றவில்லை: கேஸ் வரவில்லை, அல்லது குழாய்க்குள் காற்று நிற்கிறது. சிலிண்டர் மாற்றியதும் இப்படி ஆவது இயல்பு. இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் சரியாகும். பொறியே வரவில்லை: பேட்டரி, சல்லடை, டயாஃப்ரம், தண்டு நகர்ந்ததும் பொறியை இயக்கும் மைக்ரோ சுவிட்ச், இந்த வரிசையில் பாருங்கள். பற்றிச் சில நொடிகளில் அணைகிறது: உணரும் கம்பி அழுக்கு. ‘டொம்’ என்ற சத்தத்தோடு பற்றுகிறது: பொறி தாமதமாகிறது, தேங்கிய கேஸ் ஒன்றாகப் பற்றுகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது, மூடியே தெறிக்கலாம். இருபது நிமிடத்தில் தானாக அணைகிறது: பல மாடல்களில் இருக்கும் பாதுகாப்பு டைமர், பழுதே இல்லை. அதை நீக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு மறுத்துவிடும் மெக்கானிக்கே நம்பத்தக்கவர்.

அடுப்பைப் பற்றவைத்தால் கீசர் சுடர் குறுகுகிறது என்றால், இரண்டும் ஒரே ரெகுலேட்டரில் ஓடுகின்றன. கீசருக்குத் தனிச் சிலிண்டர் வையுங்கள். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 30 மில்லிபார், அதாவது தண்ணீர் நிரப்பிய யு வடிவ டியூபில் சுமார் 300 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு மீட்டர் டிரான்ஸ்பரன்ட் டியூபும் ஸ்கேலும் இருந்தால் மெக்கானிக் இதை அங்கேயே அளந்து காட்ட முடியும். டீக்கடை அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரைக் கீசருக்கு மாட்டுவது பெரும் ஆபத்து. ஹோஸ் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, ஒன்றரை மீட்டருக்குள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். சிலிண்டருக்குப் பக்கத்தில் சாக்கடைக் குழியோ, பம்ப் குழியோ இருக்கக் கூடாது. கசிவு வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும்.

குளிக்கப் போனவர் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடையுங்கள். கேஸை அணைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையோ வேறு எதுவோ, போனதும் முதல் வார்த்தையாக ‘கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது’ என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டும். அதைப் பார்த்து வீட்டிலேயே நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

லாட்ஜும் ஹோம்ஸ்டேயும்

கன்னியாகுமரியில் கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் விடியற்காலையில் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் வெந்நீர் வேண்டும். அறைக்கு ஒரு கேஸ் கீசர் என்ற ஏற்பாட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பத்துப் புகைவழிகளை யார் கண்காணிப்பது? மாடியில், திறந்த வெளியில், புகைக்குழாயோடு ஒரே பெரிய கேஸ் பாய்லரும் டேங்கும் வைப்பதே சரி. டேங்கில் 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் லெஜியோனெல்லா கிருமி வளராது. அறைக்கு அனுப்பும் முன் கலவை வால்வில் சூட்டைக் குறைக்க வேண்டும். அழுத்த விடுவிப்பு வால்வின் நெம்பை மாதம் ஒருமுறை தூக்கித் தண்ணீர் பீறிடுகிறதா என்று பாருங்கள். அதன் வடிகுழாயில் எந்த அடைப்பும் போடாதீர்கள். அடியில் தங்கிய கசடை வடித்துவிடுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் அது வேகமாகக் கரையும்.

நூறு டிகிரிக்குக் கீழே தண்ணீர் சூடாக்கும் கருவிகள் பாய்லர் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே பாய்லர் ஆய்வாளர் யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது. வணிக இடங்களில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை, 19 கிலோ போன்ற வணிகச் சிலிண்டர்தான்.

வாங்கும்போது

எண் காட்டும் திரையும் கண்ணாடி முகப்பும் விலையைக் கூட்டுமே தவிர வேறு பயன் இல்லை. ஐ.எஸ். 15558 தரக் குறியீடு, ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் உணரி, அதிக சூட்டில் அணைக்கும் சுவிட்ச், புகைக்குழாய் மாட்டும் கழுத்து, இந்த நான்கையும் பார்த்து வாங்குங்கள். டயாஃப்ரம், சோலனாய்டு, இக்னிஷன் பெட்டி மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சர்வீஸ், கடலோரத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் புரட்டாசியிலேயே முடித்துவிட்டால் மெக்கானிக்குக்கும் நேரம் இருக்கும், நிதானமாகச் செய்வார்.